பெரியபாளையம் பஸ்ஸில் பிடுங்கிய சொல்

1971, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்துக்குச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். திருவள்ளூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழரைக்கு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் இட்லி காபியை முடித்துக்கொண்டு பெரியபாளையம் பஸ்ஸில் இடம் பிடித்தேன். டிக்கெட் எண்பது காசு. பவானி அம்மனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதிப் பொய். பையில் இருந்த நோட்டுப் புத்தகம்தான் என்னை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது.

ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகளில் ஒரே மாதிரி ஒலித்து, வேறு வேறு பொருள் தரும் சொற்களை அதில் சேர்த்துவந்தேன். நமக்குக் கல் என்றால் கல். இந்திக்காரருக்கு அது நேற்று, நாளையும் அதுவே. நாம் குடிக்கும் பால் அவர்கள் தலையில் முடியாக வளர்கிறது. இப்படி முந்நூற்றுச் சொச்சம். சேர்ப்பதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். பொருளைக் கேட்கக் கூடாது. தப்பாகச் சொல்ல வேண்டும். தன் பாஷையை ஒருவன் தப்பாகச் சொன்னால் யாராலும் சும்மா இருக்க முடியாது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

எட்டேகாலுக்கு பஸ் கிளம்பியது. நிற்கக்கூட இடமில்லை. எனக்கு முன் சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். புழுதிக்காக என்று நினைத்துக்கொண்டேன். மடியில் இருந்த துணிப்பையில் வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. எனக்குக் கை பரபரத்தது.

"ரங்கூன்லேருந்து வந்தவங்களாம்மா?"

தலையை ஆட்டினார்.

"பர்மா பாஷையில 'நா'ன்னா மூக்குதானே?"

இல்லை என்று தலையசைத்து, காதைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது: நா நமக்கு நாக்கு, அவர்களுக்குக் காது. ஆனால் அந்த ஒலியை அவர் வாயால் கேட்டு எழுத வேண்டுமே! "ஓ, கம்மலா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை உசுப்பேற்றிவிட்டது.

"மூக்குன்னு ஒரு பர்மாக்காரரே சொன்னார். உங்களுக்கு மறந்துபோச்சு போல."

முந்தானை இறங்கியது. "மறக்கலைங்க. நா... காது."

நான் பென்சிலை எடுக்கவும், முன்னால் வேப்பிலைக் கட்டோடு நின்றிருந்த பெண் அலறவும் சரியாக இருந்தது.

"ஐயோ அண்ணி! இன்னா பண்ணிட்டீங்க!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் நீ? எங்கண்ணன் ரங்கூன்லயே நின்னுட்டாரு. ஒரு வருசமா லெட்டர் இல்ல. உசுரோட கீறாரான்னே தெரில. ஊட்ல கெளம்பினதுலேர்ந்து வாயத் தொறக்காம போயி, வேப்பஞ்சேலை கட்டி சுத்தி வரேன்னு வேண்டிக்கினு வந்தாங்க. ஊமைன்னு நெனச்சாவது வுட்டுருக்கக் கூடாதா?"

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. "தெரியாதும்மா" என்றேன். தெரியாதுதான். ஆனால் அவர் பேச விரும்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தானே தந்திரத்தை எடுத்தேன்?

எட்டே முக்காலுக்குத் தாமரைப்பாக்கத்தில் இருவரும் இறங்கினார்கள். விரதம் முறிந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பி, அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. படியில் கால் வைக்கும் முன் திரும்பி, "எழுதிக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒன்பதரைக்குப் பெரியபாளையம். வேப்பிலையை உடுத்திய பெண்கள் ஈரத்தலையோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக எனக்குக் கூசியது. வாசலோடு திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, மன்னிப்புக் கேட்கவென்றே மறுபடி திருவள்ளூர் போனேன். அதே எட்டேகால் பஸ். ஜன்னலோரம் அந்த அம்மாள், வாயில் முந்தானை. என்னைப் பார்த்தார். அடுத்த கணம் முந்தானைக்கு மேல் இன்னொரு கையையும் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

நான் ஏறவில்லை. பஸ் போகும்வரை ஒரு கடையின் பின்னால் நின்றிருந்துவிட்டு, ரயிலேறி வீடு திரும்பினேன். லெட்டர் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.