அக்காவுக்கு லீவு இல்லை

ஆஸ்பத்திரியில் அவரைத் 'தேதி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. டாக்டர்களும் நர்சுகளும் போக மீதியிருக்கும் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு, டிரைவர், சமையல்காரர், வார்டு உதவியாளர், காவலாளி எல்லாருக்கும், யார் எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. லீவு விண்ணப்பமும் அவர் மேஜைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே நாளுக்கு ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட்டார் என்று ஒரு புகார் கிடையாது.

அவருடைய அக்கா அதே ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்தில் இருந்தாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே துணி மடிக்கச் சேர்ந்து, போகப் போக பாய்லரையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். தம்பி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நிர்வாக அதிகாரியின் அறை வாசலில் மூன்று நாள் நின்று அவருக்கு அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் சிரிப்பு வந்து சேரும். மனதில் வந்தது அப்படியே வாயில் வந்துவிடும்.

தேதி சாரின் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா கல்லூரியில் பேராசிரியை. அவர்கள் முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று, எல்லாரும் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா அந்த அம்மாளின் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்த முன்பல்லு கட்டுனதுதானே? ரொம்ப நல்லா இருக்கு. எங்க கட்டுனீங்க? நானும் ஒண்ணு கட்டணும், சிரிச்சா காத்து போகுது."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து ஓட்டையையும் காட்டினாள். பேராசிரியை ஒரு நொடி அசையாமல் இருந்தார். பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னார். அது தேதி சாரின் காதில் விழவில்லை. அவருக்குக் காது இரண்டும் அடைத்துப் போயிருந்தது. அந்த நிமிடம் தரை பிளந்தால் உள்ளே போயிருப்பார்.

கல்யாணத் தேதி பார்க்கும் பொறுப்பை இரண்டு வீட்டாரும் அவரிடமே விட்டார்கள். "உங்களை விட்டா வேற யாரு சார்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது அந்த ஒரு மாதத்தில்தான். சனிக்கிழமையாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஆள் வரும். இரண்டாம் தேதி மாப்பிள்ளையின் தங்கைக்குப் பரீட்சை முடிந்திருக்காது. இருபத்துமூன்றில் மகளின் அலுவலகத்தில் தணிக்கை. முப்பதாம் தேதிக்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து வரும் மைத்துனர் திரும்பிப் போயாக வேண்டும். அடித்துக்கொண்டே வந்ததில் ஒன்பதும் பதினாறும் மிஞ்சின.

பதினாறாம் தேதி சலவைக்கூடத்தில் பாய்லர் ஆய்வு. வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். பாய்லரைத் தெரிந்த ஆள் காலையிலிருந்து கூடவே நிற்க வேண்டும். அந்தக் கடிதம் தேதி சாரின் மேஜையில்தான் இருந்தது. நோட்டுக்கும் கடிதத்துக்கும் நடுவில் அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மண்டபத்துக்குப் போன் செய்து பதினாறாம் தேதியைப் பதிவு செய்தார். ஒன்பதைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

"ஒம்பதுல மண்டபம் இல்லையாம்" என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

"ஐயோ, பதினாறுன்னா அண்ணிக்கு ஏதோ வேலைன்னு சொன்னாங்களே?"

"என்ன பண்றது? கெடைச்சதுதானே கெடைக்கும்."

அக்காவிடமும் அதையேதான் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே! சரி விடுடா, லீவு எழுதிக் குடுக்கறேன். நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு இல்லாத லீவா?"

இரண்டு நாளில் விண்ணப்பம் வந்தது. கோணல்மாணலான எழுத்தில், 'எனது தம்பி மகள் திருமணத்தை முன்னிட்டு ஒரு நாள் விடுப்பு' என்று எழுதியிருந்தாள். அவர் அதை மற்றக் காகிதங்களின் அடியில் வைத்தார். சாயங்காலம் மறுபடி மேலே எடுத்தார். சலவைக்கூடத்தில் இன்னொருவருக்கும் பாய்லர் ஓரளவு தெரியும். அரை நாள் மாற்றிப் போட்டால் வேலை முடிந்துவிடும். இதைவிடச் சிக்கலான முடிச்சுகளை அவர் தினமும் டீ குடித்துக்கொண்டே அவிழ்ப்பவர். 'பாய்லர் ஆய்வு காரணமாக அனுமதிக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரில் கொடுக்காமல் தபால் தட்டில் வைத்து அனுப்பினார்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. "மேலிடத்துல ஒத்துக்கலையாடா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் தன் மகனின் கல்யாண விருந்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தார். அதே மண்டபம், ஒன்பதாம் தேதி. "போன வாரம்தான் கேட்டேன் சார், காலியா இருக்குன்னாங்க. அதிர்ஷ்டம்!" என்றார். தேதி சார் பத்திரிகையை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். டிரைவர் எல்லாப் பிரிவுக்கும் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தேதி சார் சலவைக்கூடத்து வழியாக நடப்பதை நிறுத்திவிட்டு, சமையலறையைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பதினாறாம் தேதி கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். "உங்க திட்டமே திட்டம்" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் பேராசிரியை அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"உங்க அக்கா எங்க? காலைலேர்ந்து தேடறேன்."

"அவங்களுக்கு டியூட்டிங்க. தவிர்க்க முடியாம..."

"அச்சச்சோ! அவங்களுக்காக என் பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். அட்டைகூடக் கையில இருக்கு." அவர் கைப்பையைத் திறந்து காட்டிச் சிரித்தார். "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள எனக்கு அவ்வளவு பயம். எப்படிப்பட்டவங்களோ, என்ன பேசறதோன்னு. அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, எனக்குப் பயமே போயிடுச்சு. இந்த வீட்டுல சம்பந்தம் வெச்சுக்கலாம்னு அப்பதான் முடிவே பண்ணேன்."

தேதி சார், "சொல்றேங்க" என்றார். என்ன சொல்வதாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில், யாரிடமும் சொல்லாமல், கல்யாண உடையோடு ஒரு ஆட்டோவில் ஏறினார்.

சலவைக்கூடம் வெந்நீர் ஆவியில் புழுங்கிக் கிடந்தது. ஆய்வாளர் பதினொரு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா தனியாக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறினாள்.

"என்னடா, இங்க வந்து நிக்கறே? பொண்ணுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் நல்லா முடிஞ்சுது. நீ வா, போலாம். இப்பவே."

"இந்தக் கோலத்துலயா? போடா." அவள் மறுபடியும் விரிப்பை எடுத்தாள். "போய் வந்தவங்களைக் கவனி."

அவர் நகரவில்லை. "அக்கா, அந்த மண்டபம்..." என்று தொடங்கினார்.

"தெரியும்டா. ஒம்பதாம் தேதி அங்க உக்காந்து டிரைவர் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டேனே. நீ பதிவு பண்ண பிறகும் அந்தத் தேதி காலியாத்தான் இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். அதையும் நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் பட்டியலிலிருந்து படிப்பது போலச் சொன்னாள். அவர் கூனிக் குறுகி நின்றார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் அந்த வார்த்தை அங்கே, குவியல் குவியலான வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, சின்னதாகத் தெரிந்தது. அவள் இன்னும் பத்து விரிப்பு மடிக்கும்வரை நின்றுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு, வயிறு சரியில்லை என்றார்.

மூன்றாம் நாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, "என் கல்யாணத்தை வெச்சாப்பா இதைப் பண்ணே?" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷனைக் கூட்டிக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனாள். பேராசிரியையும் அக்காவும் எப்படியோ நெருங்கிவிட்டார்கள். பல் டாக்டரிடம் சேர்ந்தே போய்வந்தார்கள். தேதி சார் வீட்டுக்கு அக்கா முன்போலவே வந்தாள், சாப்பிட்டாள், சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மறு வருடம் அக்கா ஓய்வு பெற்றாள். சலவைக்கூடத்தில் நாற்காலி போட்டு ஒரு சின்னக் கூட்டம். யாராவது பேசுங்கள் என்று நிர்வாக அதிகாரி சொன்னதும் தேதி சார் எழுந்தார். ஊரறியச் சொல்லிவிடுவது என்று இரண்டு நாளாக மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு என் அக்கா லீவு கேட்டாங்க" என்றார். "நான்தான் குடுக்கல."

அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு எடுப்பதற்குள் நிர்வாக அதிகாரி மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா! சொந்த அக்கான்னுகூடப் பாக்கல. அதுதான் கடமை. நீங்க எல்லாரும் கத்துக்கணும்!"

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. டிரைவர் விசிலடித்தார். இல்லை சார், அப்படி இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தார். ஓய்ந்தபோது சொல்ல வேண்டியது உள்ளேயே இறங்கிவிட்டிருந்தது.

அக்கா முன்வரிசையில் மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவள் மட்டும் இரண்டு தடவை கை தட்டினாள். பிறகு, உட்காருடா என்பது போல அவரிடம் கையைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.