பார்வையாளர் வரிசையில் தூக்கிய கை

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில், மகள் முன்னாலேயே என் மானம் போனது.

முன்சீட்டில் இருந்தவர் தொண்ணூறுகளில் எங்கள் வார்டு கவுன்சிலர். என்னைப் பார்த்ததும் என் மகளிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"குடிதண்ணிக் குழாய் போடக் கடன் வாங்கணும்னு நகராட்சியில ஓட்டெடுத்தோம். எதிர்ப்பு யாருன்னு கேட்டா, வேடிக்கை பாக்க வந்த ஒங்கப்பா கையத் தூக்குதாரு தாயி. பியூன் வந்து கைய இறக்கிவிட்டான்."

பஸ்ஸே சிரித்தது. நடந்தது உண்மைதான்.

கடனை அடைப்பது எங்கள் வரிப்பணம், கை தூக்குவது கவுன்சிலர்கள் மட்டுமாம். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. திட்டத்தில் எங்கள் தெரு இல்லை என்பது மட்டும் தெரியும்.

மகள் அவரிடம் கேட்டாள்: "நீங்க எதுக்கு மாமா ஆதரிச்சுக் கை தூக்குனீக?"

"எல்லாரும் தூக்குனாக, நானும் தூக்குனேன். அந்தத் திட்டத்துல அம்புட்டுப் பக்கத்தையும் யாரு படிச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரியும் கட்டினோம்; அடிகுழாயிலிருந்து குடம் சுமந்து என் மனைவிக்கு இடுப்பே போய்விட்டது.

இறங்கும்போது, "வாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

கேட்காமல் விழுங்கியது இது: "ஒங்க தெருவுக்கு மட்டும் மொதக் குழாய் வந்துச்சே அண்ணாச்சி, அதுவும் படிக்காமத்தானா?"