மண்டபத்தில் ஓடாத நாலு ஃபேன்

புறவழிச்சாலைக்கென்று எங்கள் கிணற்றுமேட்டில் அளவுக்கல் நட்டார்கள். அதை எதிர்த்துப் பனமரத்துப்பட்டி பிரிவில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். முப்பத்தொரு பேர். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவர்களில் ஒருத்தி என் மகள்.

எல்லாரையும் போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். என் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் பிடித்திருந்த அதே மண்டபம். வழக்கம்போலச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று இருந்தோம். இருபத்தைந்து பேரை விட்டார்கள். என் மகள் உட்பட ஆறு பேரைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரியைப் பணிசெய்ய விடாமல் தடுத்தார்களாம். எதை வைத்துத் தடுத்தாள்? என் மகள் கையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில். தலைவர்கள் வரும்போதெல்லாம் கட்சிக்காரர்கள் அதே பிரிவை அரை நாள் மறிக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? ஒருவர்கூட இல்லை.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளை பக்கத்தில் உடன்பிறந்தவள் உட்கார்ந்து, ஒரு சேலையின் இரு முனைகளை இருவரும் பிடிக்க வேண்டும். கல்யாண நாள் நெருங்கியது, ஜாமீன் மனுவோ தள்ளித் தள்ளிப் போனது.

பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு அப்பால் மகள் சிரித்தாள்.

"மண்டபத்தை நாந்தான் மொதல்ல பாத்துட்டு வந்தனுங்கப்பா. நாலு ஃபேன் ஓடல. சொல்லிச் சரி பண்ண வைங்க."

"சீரு யாரு சாமி செய்யறது?"

சிரிப்பு நின்றது. "சித்தப்பா மவ இருக்கறாளேப்பா."

கல்யாணத்தன்று சீர் செய்விக்கும் பெரியவர் என் தம்பி மகளைக் கூப்பிட்டார். என் மகன் சேலையின் மறுமுனையை அவளிடம் விடவில்லை.

"எங்கக்கா உள்ள இருக்கறாங்க. செத்தா போயிட்டாங்க, வேற ஆளத் தேடறதுக்கு?"

"ஜெயிலுக்குப் போனவளுக்குச் சீராக்கும்!" என்றார் மணப்பெண்ணின் மாமா.

"ரோட்டுல உக்காந்தவளுக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

பெரியவர் என் முகத்தையும் மகன் முகத்தையும் பார்த்தார். பிறகு சேலையின் மறுமுனையைக் காலி மணையின் மேல் வைத்தார். சீர் நடந்தது. எல்லாருக்கும் வேர்த்து வழிந்தது. அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்துக்காரரிடம் அத்தனை முறை சொல்லியும் நாலு ஃபேனும் அப்படியே நின்றன.

சீர்ச் சேலை உடன்பிறந்தவளுக்குத்தான் சேரவேண்டும். சிறைக்குக் கொண்டுபோனேன். பட்டு உள்ளே போகாது என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. ஆறு பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள், சாலையில் உட்கார்ந்ததற்காக.