ஏரிக்குள் நட்ட நாற்று

ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. கோவில்பதாகையில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காணி நிலம். கூடாரம் போட அதை எடுத்துக்கொள்ளப் போவதாகத் தண்டோரா போட்டார்கள். ஜப்பான்காரனோடு சண்டையாம். அவனை நாங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

பர்மாவுக்கு மூட்டை தூக்கப் போன என் நைனாவிடமிருந்து அம்மாவுக்கு ஒரு வருஷமாகக் கடுதாசி இல்லை. பர்மா அரிசியும் நின்றுபோயிருந்தது. கடையில் அளந்து போட்ட அரிசியில் புழுதான் அதிகம். அந்த நிலைமையில் ஊரே கூடி ஒரு முட்டாள்தனம் செய்தது. பச்சைப் பயிர் நிற்கிற நிலத்தில் எவனும் கைவைக்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பங்காளிச் சண்டையில்கூட அறுப்பு முடிகிறவரை கழனியைத் தொட மாட்டார்கள். அதை நம்பி, பானையிலிருந்த விதைநெல் முழுவதையும் அவசர அவசரமாக நவரைப் போகத்துக்கு நாற்று விட்டோம். வெள்ளைக்காரனுக்கு இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியும்!

நாற்று ஒரு சாண் வளர்ந்திருந்தபோது லாரிகள் வந்துவிட்டன. முதல் லாரி வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கழனியில் இறங்கியது. அங்கிருந்த பச்சை அப்படியே சேற்றுக்குள் போனது. ஆண்கள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரிகளோடு வந்த வெள்ளைக்காரத் துரையின் பின்னால் கெஞ்சிக்கொண்டே ஓடினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் நாற்றும் போனால் அடுத்த போகத்துக்கு விதைக்க ஒரு பிடி நெல் கிடையாது.

அம்மா கெஞ்சவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எங்கள் நாற்றங்காலுக்குள் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி பார்த்துகினு நிக்கிற? எறங்கு!"

இறங்கினேன். ஊர்ப் பெண்களும் ஒவ்வொருவராக அவரவர் நாற்றங்காலில் இறங்கினார்கள். ஒரு லாரி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஒரு கை சேற்றை அள்ளி அதன் கண்ணாடிமேல் வீசினேன். உள்ளே இருந்த சிப்பாய் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கடைசி நாற்று முடியைக் கட்டி முடிக்கிறவரை வண்டி நகரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்று முடிகளைத் தலையில் சுமந்துகொண்டு போய், ஏரிக்குள் தண்ணீர் வடிந்திருந்த சேற்றில் நட்டோம். ஏரிக்குள் பயிர் வைப்பது குற்றம். மறுநாளே ஊர்த் தலையாரி தடியோடு வந்து கரைமேல் நின்றார்.

"ஏரில நட யாரு உத்தரவு குட்த்தது?"

"எங்க கழனில லாரி உட்டானே, அவனுக்கு யாரு குட்த்தாங்களோ அவுங்கதான். போய் சொல்லு அண்ணாத்தே" என்றாள் அம்மா, குனிந்த முதுகை நிமிர்த்தாமலே.

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாதிப் பயிரை மாடு மேய்ந்தது. மீதியை அறுத்து அடித்துக் காயவைத்தபோது, நெல் கூடையில் பாதிகூட இல்லை. நாங்கள் சோறு என்று ஒன்றைப் பார்த்தே பல நாளாகியிருந்தது. அம்மா முதல் வேலையாக அதில் பெரும்பங்கை விதைப்பானையில் கொட்டி, அதன் வாயைச் சாணியும் மண்ணும் குழைத்து மூடினாள்.

"எங்க வெதைக்கப் போற? நெலம் எங்க கீது?" என்று கத்தினேன்.

தெருவோடு போன தலையாரியும் வாசலில் நின்று என் பக்கம்தான் பேசினார். "சண்ட முடியட்டும்மா. இப்ப அத்த ஆக்கித் துன்னுங்க."

"சண்ட என்னிக்கு முடியும்னு அந்தத் தொரைக்கே தெரியாது. நாத்து உட்ற நாளு எனுக்குத் தெரியும்" என்றாள் அம்மா. பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மிச்ச நெல்லைக் குத்தச் சொல்லி உலக்கையை என்னிடம் நீட்டினாள்.

நான் குத்திய குத்தில் பாதி அரிசி நொய்யாகிவிட்டது. அதைக் கஞ்சி வைத்துக் குடித்தோம். அடுத்த நாற்றங்காலுக்கு ஏரியில் இடம் பார்க்கப் போனபோது, அம்மாவுக்கு முன்னால் நான் நடந்தேன்.