பென் டிரைவும் வெறும் தொட்டிலும்

அந்தப் பென் டிரைவை மடிக்கணினியிலிருந்து எடுக்க நான்காவது முறையாக முயன்றேன். திரையின் மூலையில் அதே செய்தி வந்தது. இது பயன்பாட்டில் இருக்கிறது, பயன்படுத்தும் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீண்டும் முயலவும் என்றது. எல்லாவற்றையும் மூடித்தான் இருந்தேன். திரையில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் பென் டிரைவின் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பட்டப்பகல் மூன்று மணி. வீட்டில் நானும், தொட்டிலில் தூங்கும் ஏழு மாதக் குழந்தையும்தான். வேறு யார் பயன்படுத்துகிறார்கள்?

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதங்களாகும். தனி வீடு என்பதால் போவதற்கு முன் கூடத்தில் கேமரா வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கேமராவின் பதிவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முந்தின நாள் மதியம் நடந்தது இது. மகனைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, புழக்கடைக் கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்தது. தொட்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை இல்லை. அவன் கீழே பாயில் கிடந்தான். அழவில்லை. என் தலைக் கிளிப்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த மாமியார் முதலில் பார்த்தது தொட்டிலைத்தான்.

"வெறுந் தொட்டில ஆட்டுனா புள்ளைக்கு வவுத்து நோவு வரும்னு எத்தன தடவ சொல்லியிருக்கறன்?"

"நான் ஆட்டலீங்க அத்தை."

"அப்பறம், காத்து வந்து தாலாட்டுப் பாடுச்சாக்கும்?"

அன்று மாலை மகன் இரண்டு முறை பாலைக் கக்கினான். மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் தலையைத் தடவிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "கொழந்த கீழ விழுந்துச்சா?" என்று கேட்டார். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலை அடிபட விழுந்திருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும், அசையாமல் இருக்கக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், நாளை மாலைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தன் குழந்தை விழுந்ததா இல்லையா என்று தெரியாத தாயை அவர் அதற்கு முன் பார்த்திருப்பாரா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

கேமராவின் பதிவுப் பெட்டி கூடத்து டிவியோடு இணைந்திருந்தது. மாமியார் முன்னால் அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், கணவர் வண்டியில் பாட்டுக் கேட்க வைத்திருந்து இம்முறை வீட்டில் விட்டுப்போன பென் டிரைவைச் செருகி அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் ஏற்றினேன். பாதியில் மகன் அழுதான். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்டேன்.

மடிக்கணினியில் போட்டபோது படம் சிறிது தூரம் ஓடியது. தொட்டில், உள்ளே குழந்தையின் கனம். பிறகு படம் வண்ணச் சதுரங்களாக உடைந்தது. உடைந்த சதுரங்களுக்கிடையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். முகம் இல்லை. படத்தை உடனே மூடிவிட்டேன். கதவுகளைத் தாழ் போட்டேன். மறுபடி ஏற்றலாமென்றால் பென் டிரைவ் வெளியே வர மறுத்தது.

மாமியார் பால் சொசைட்டிக்குப் போயிருந்தார்; எந்நேரமும் திரும்பலாம் என்பதால் டிவியில் போட அப்போதும் துணியவில்லை. கேமரா பொருத்தியவரைக் கைபேசியில் அழைத்து, காலையிலிருந்து நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, லைட்டு சிமிட்டுதுங்களா?"

"சிமிட்டுதுங்க."

"அப்பப் புடுங்கீராதீங்க. காலைல பண்ணுன வேலைய மறுக்காப் பண்ணுனீங்கன்னா டிரைவே போயிரும். அண்ணன் பாட்டெல்லாம் போச்சுன்னு உங்களத்தான் வைவாரு."

"எல்லாத்தையும் மூடிட்டனுங்க. ஒண்ணுமே ஓடலீங்க."

"மூடுனது ஜன்னலுங்கக்கா. உள்ள ஓடறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுத்துங்க."

ஒரு பட்டியல் வந்தது. நான் மூடியதாக நினைத்த வீடியோ பிளேயர் அதில் இருந்தது. எங்கும் தெரியாமல், சத்தமில்லாமல், அந்த உடைந்த பதிவைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் சொன்னபடி அதைத் தேர்ந்து முடித்து வைத்தேன். நீல விளக்கு நின்றது. மீண்டும் முயன்றதும், இப்போது எடுக்கலாம் என்று செய்தி வந்தது. கைதான் உடனே எடுக்கவில்லை.

பிறகு எடுத்துப் போய்ப் பதிவுப் பெட்டியில் செருகி மறுபடி ஏற்றினேன். இம்முறை விளக்கு அடங்கும்வரை நகரவில்லை. அடங்கிய பின்னும் நூறு எண்ணினேன். நடுநடுவே தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். மகன் இருந்தான்.

மடிக்கணினியில் இப்போது படம் முழுதாக ஓடியது. தொட்டிலருகே ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். நான்தான். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி, கழுத்தைத் தாங்கி, மெதுவாகப் பாயில் கிடத்துகிறேன். அவன் என் தலையை எட்டிப் பிடிக்கிறான். கிளிப்பைக் கழற்றி அவன் கையில் கொடுக்கிறேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெறும் தொட்டிலை ஆட்டுகிறேன். கண்கள் திறந்திருக்கின்றன. உதடுகள் அசைகின்றன. மூலையிலிருந்த கடிகார எண்ணைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆட்டியிருந்தேன். கீழே பக்கத்திலேயே கிடந்த மகனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து போகிறேன். ஒரு நிமிடம் கழித்துத் துணிகளோடு வந்து, ஆடும் தொட்டிலைப் பார்த்ததும் துணிகளைக் கீழே போடுகிறேன்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. இன்றுவரை இல்லை.

மருத்துவரை அழைத்து, விழவில்லை, நான்தான் இறக்கிவிட்டேன் என்றேன். "அப்ப ஸ்கேன் வேண்டாம்மா," என்றவர், சற்றுத் தயங்கி, "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பால் தூக்கோடு வந்த மாமியாரிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பதினொரு நிமிடமும் நின்றுகொண்டே பார்த்தார். படம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இனி ராத்திரிக்கு இவன் எங்கூடப் படுத்துக்கட்டும். பாலுக்கு மட்டும் எழுப்பறன். நீ போய்ப் படு சாமி."

படுக்கும் முன் பென் டிரைவை முறையாக வெளியேற்றி எடுத்து வைத்தேன். அதில் இன்னும் அந்தப் பதிவு இருக்கிறது, கணவரின் பாட்டுகளோடு. அழிக்கவும் இல்லை, மறுபடி பார்க்கவும் இல்லை. இப்போதெல்லாம் தொட்டிலை ஆட்டும் முன் அடியில் கை வைத்துக் கனம் பார்க்கிறேன். கனம் இருந்தாலும் சேலையை விலக்கி முகத்தைப் பார்க்கிறேன். பிறகு பாயையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.