சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

உத்திரமேரூரில் எங்கள் நைனா சொந்தமாக ஷெட் போட்டதற்கும் அதை மூடியதற்கும் ஒரே கார்தான் காரணம். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இறந்துபோன தன் அப்பாவின் கார் என்று சென்னைக்காரர் ஒருவர் அதைப் புதுப்பித்துத் தரச் சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இது சரியாக அமைந்தால் நண்பர்களின் கார்களும் நைனாவிடம்தான் வரும் என்றார். நைனா அந்தப் பேச்சை நம்பி, வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

பெயின்டைச் சுரண்டினால் துரு. வெட்டினால் உள்ளேயும் துரு. கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் அப்பளமாக நொறுங்கியது. அதை முழுக்க எடுத்துவிட்டு, புதுத் தகட்டை வெல்டிங்கில் அங்கங்கே பொட்டு மட்டும் வைத்து நிறுத்தினார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. வெல்டிங் மிஷினுக்குச் சந்தனம் வைத்தால் மறுநாள் வரை அதைத் தொடக்கூடாது.

நடுவில் கட்டைகள் முட்டுக்கொடுக்க, கார் உயரத்தில் நின்றது. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“அந்தரத்துல நிக்கிற வண்டிக்கு இன்னா பூஜை? எறக்கி வெச்சு எலுமிச்சம்பயத்த நசுக்கு. அப்பத்தான் திஷ்டி போவும்.”

நைனா லாரிக்கும் ஜீப்புக்கும் தகடு தட்டி டிங்கரிங் பார்த்தே பழகியவர். அவற்றில் மேலே எதை வெட்டினாலும் அடியில் சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம் தாங்கும். இந்தக் காருக்கோ வெட்டியெடுத்த அந்த இரண்டு பக்கமும்தான் முதுகெலும்பு. கட்டைகளை உருவி இறக்கினார். சக்கரத்தடியில் பழம் நசுங்கியது. வெல்டிங் பொட்டுகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கார் நடுவில் மடிந்து தரையில் உட்கார்ந்தது.

நைனா கற்பூரம் காட்டி முடித்து, எல்லோருக்கும் பொரி கொடுத்தார். வண்டி இனிமேல் ஓடுமா என்று கேட்டேன்.

“பொரி துன்னும்மா,” என்றார்.

சென்னைக்காரர் வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நைனா தேறியிருப்பார் என்று இன்று தோன்றுகிறது. நைனா ஷெட்டை மூடிவிட்டு, பழைய பட்டறைக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டு, ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். சுத்தியலைப் பிறகு அவர் தொடவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. சாமி படத்தின் முன்னால், எப்போதும் சுத்தியலும் ஸ்பேனரும் இருக்கும் இடத்தில், என் ஜாமெட்ரி பாக்ஸைத் தனியாக வைத்துச் சந்தனம் இட்டாள். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் பொருளையும் ஆயுதமாக மதித்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரை உலுக்கி எழுப்பி, “பாரு நைனா, என்னுது மட்டுந்தான் கீது,” என்றேன்.