சுவர் நேராகத்தான் இருந்தது

டாக்டர் சொன்னது என்னவோ அவரிடம்தான். காதில் வாங்கிக்கொண்டது முழுக்க அவருடைய மனைவி.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். வாலிபத்திலிருந்து முட்டி போட்டே சம்பாதித்த மனிதர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நேர்கோடு’. வேலைக்கும் அந்தப் பெயர் பொருந்தும், பிடிவாதத்துக்கும் பொருந்தும். வயசு அறுபதைத் தாண்டியதும் இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும் மங்க ஆரம்பித்தது. எதிரில் நிற்கிறவரின் காது தெரியும், தோள் தெரியும், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்குத் திட்டு. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று காலத்தை ஓட்டினார். கடைசியில் அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தக் கண் கைமீறிப் போயிருந்தது. வலது கண்ணிலும் அதே வியாதி எட்டிப் பார்த்திருந்தது.

கண் டாக்டர் தேன் தடவிப் பேசுகிற ரகமில்லை. “இது வயசுல வர்றது. போன பார்வை திரும்பாது. வலது கண்ணுல இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சிகரெட்ட இன்னியோட விடுங்க. தினமும் கீரை சாப்பிடுங்க, அடிக்கடி மீன் சேத்துக்குங்க, நல்லா நடங்க, பிரஷர ஏற விடாதீங்க, வெயில்ல போனா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்க. இதெல்லாம் நோயை மெதுவாக்கும், அவ்வளவுதான். அதனால தினமும் ஒரு கண்ண மூடிட்டு, கட்டம் கட்டமா இருக்கற எதையாவது பாருங்க. நேரா இருக்கற கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வந்துடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது.”

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவள்தான் வீடு வரும் வரைக்கும் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்றிலிருந்து அந்த இரண்டு அறை வீடு ஜெயிலாகிவிட்டது. அவர் கைதி, அவள் வார்டன். தட்டில் கீரை இல்லாத நாள் இல்லை.

“இன்னிக்கும் பச்சையா?”

“நாளைக்கும் பச்சைதான். பேசாம சாப்பிடுங்க.”

சாயங்காலம் அவள் லாண்டரிக் கடை வேலையிலிருந்து திரும்பியதும் நடை. தெருக்கோடியில் சிகரெட் விற்கிற கடை வந்தால் அவர் முழங்கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ராத்திரி சட்டையைக் கழற்றியதும் மோந்து பார்ப்பாள். “நான் என்ன ஸ்கூல் பையனா?” என்று கத்துவார். “ஸ்கூல் பையன்னா சொன்ன பேச்சு கேட்டிருப்பான்” என்பாள். கத்தினாலும் சிகரெட்டை விட்டார். அடுத்தடுத்துப் போன பரிசோதனைகளில் டாக்டர் “வலது கண்ணு அப்படியே இருக்கு, இப்படியே போங்க” என்றார். அவள் வெளியே வந்து, ஏதோ தானே பரீட்சை எழுதிப் பாஸானவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கட்டம் பார்க்க அவர்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குளியலறைச் சுவரே இருந்தது. சின்னச் சின்ன வெள்ளை டைல்ஸ், நடுவில் சாம்பல் நிறக் கோடு. அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவர் அவளுக்காக ஒட்டியது. கூலிக்குச் செய்த வேலையில் எங்கேனும் கை தவறியிருக்கலாம், இதில் ஒரு மயிரிழை பிசகியிருந்தால் சொல்லுங்கள் என்று சவால் விடுவார். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் குளியலறையைத் திறந்து காட்டுவார். அவர்களும் வேறு வழியில்லாமல் எட்டிப் பார்த்து, “ஆமாங்க, நூல் புடிச்ச மாதிரி இருக்கு” என்பார்கள்.

காலையில் அவர் பல் தேய்க்கப் போனதும் அவள் கதவருகே வந்து நிற்பாள்.

“கோடு எப்படி இருக்கு?”

“நான் போட்ட கோடு எப்படி இருக்கும்?”

“நீங்க போட்டதக் கேக்கல. உங்களுக்குத் தெரியறதக் கேக்கறேன்.”

“நேரா இருக்கு தாயே, நேரா இருக்கு.”

ஒருநாள் அவர் கண்ணை மூடாமலேயே பதில் சொல்வதைப் பிடித்துவிட்டாள். “இப்படியா பாக்கறது? தள்ளுங்க” என்று உள்ளே புகுந்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “இப்படிப் பாக்கணும்” என்று காட்டினாள். காட்டியவள் அப்படியே நின்றாள். குழாய்க்கு மேலே போகிற கோடு, ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி நடுவில் தொய்ந்திருந்தது.

“என்ன, மேஸ்திரி வேலைல குறை இருக்கா?” என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

“ஒண்ணுமில்ல. ஈரம் பட்டிருக்கு, தொடைக்கணும்” என்று வெளியே வந்துவிட்டாள்.

தன் கண்ணில் கோளாறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கண் வியாதி அந்த வீட்டில் அவருடைய சொத்து அல்லவா? சுவருக்குப் பின்னால் குழாய் ஓடுகிறது, ஈரம் ஏறி அந்த இடம் உப்பியிருக்கும் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் ஆதியிலிருந்தே கொஞ்சம் கோணலாக இருந்ததை நாம்தான் கவனிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் அவரிடம் எப்படிச் சொல்வது? இடது கண் போனதிலிருந்து யாரும் அவரைப் பெரிய வேலைக்குக் கூப்பிடுவதில்லை. உடைந்த டைல் ஒன்றிரண்டு மாற்றக் கூப்பிட்டால் உண்டு. மனிதருக்கு மிச்சம் இருக்கிற கௌரவம் அந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் கோணல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அது மழைக்காலத்துக்கு முன்னால். மழை வந்து, போய், குளிரும் வந்தது. கோட்டின் தொய்வு கூடிக்கொண்டே போயிற்று.

லாண்டரிக் கடையில் அவளுக்குப் பேண்ட்டு, சட்டை இஸ்திரி. பேண்ட்டு மடிப்பில் அவள் கை வைத்தால் கத்தி மாதிரி நிற்கும் என்று பேர். அந்தக் குளிர்காலத்தில் கடைக்காரர், ஒரே காலில் இரண்டு மடிப்பு விழுந்திருந்த ஒரு பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தார். “என்னம்மா, ரெண்டு ரோடு போட்டிருக்கீங்க? ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கா?” கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, பேண்ட்டை வாங்கித் தண்ணீர் தெளித்து மறுபடி போட்டாள். போடும்போது தற்செயலாக நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை உயர்ந்து இடது கண் மறைந்தது. மேஜையின் விளிம்பு வளைந்தது. கையை இறக்கினாள், நேரானது. வலது கண்ணைப் பொத்தினாள், நேராகவே இருந்தது. மறுபடி இடது கண்ணைப் பொத்தினாள். வளைந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய், கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தாள். ஒரு கண்ணுக்கு நேராக இருக்கிற சுவர் இன்னொரு கண்ணுக்குக் கோணலாக இருக்க முடியாது. சுவரில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் தன் முகத்தில் இருந்தது.

அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும். தினமும் காலையில் அவருக்கு ஓதிய மந்திரம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போகவில்லை. லாண்டரியில் கண் சரியில்லை என்று தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆள் வரும், அந்த வேலையில்தான் அடுப்பு எரிகிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன்னைக் காப்பாற்ற இவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவர் சிகரெட்டை விட்டார், கீரையை விழுங்கினார். இவளும் விழுந்தால் அவர் எல்லாவற்றையும் விட்டுவிடுவார், இருக்கிற ஒரு கண்ணும் போய்விடும். இப்படி நினைத்து நினைத்து அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். சொன்னால் அவர் உடைவார், சொல்லாவிட்டால் கண் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது.

அப்புறம் மனசு தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அவருக்குக் கீரையும் நடையும் கண்ணைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லையா? எனக்கு மட்டும் கொடுக்காதா? அதுவரை மீனின் நடுத்துண்டு அவருக்கு, தலையும் வாலும் அவளுக்கு. கீரையில் அவர் மிச்சம் வைத்தது அவளுக்கு. இப்போது தன் தட்டிலும் குவித்துக்கொண்டாள்.

“இப்படியே போனா ரெண்டு பேரும் மேய்ச்சலுக்குத்தான் போகணும்” என்றார் அவர்.

“போகலாம். நடந்த மாதிரியும் ஆச்சு” என்றாள்.

நடையைத் தெருக்கோடியோடு நிறுத்தாமல் அடுத்த தெருவுக்கும் நீட்டினாள். கடைக்குப் போகும்போது அவருடைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சில நாள் காலையில் கோடு கொஞ்சம் நிமிர்ந்தது மாதிரி தோன்றும், மனசு துள்ளும். மறுநாள் பழையபடி தொங்கும். பிறகு சுவரைப் பார்க்கவே பயம் வந்தது. விளக்கைப் போடாமல் குளித்தாள். அவரிடம் கேட்கிற கேள்வியை மட்டும் விடவில்லை. அவர் “நேரா இருக்கு” என்றதும் அவளுக்கு நிம்மதியும் வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். வயிற்றெரிச்சல் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒருநாள் அவர் சாயங்காலம் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, விளக்கைப் போட்டு, சுவர் முன்னால் நின்றாள். ஒரு கண்ணைப் பொத்தி, ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். விரலுக்கு நேராக இருந்தது. கண்ணுக்குத் தொய்ந்து, குழாய்க்கு மேலே வந்ததும் விரல் நுனியே காணாமல் போயிற்று. முன்பெல்லாம் கோடு வளைய மட்டும்தான் செய்தது, இப்போது அழியவும் ஆரம்பித்திருந்தது. சத்தம் வராமல் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் கதவருகே நின்றாள்.

“கோடு எப்படி இருக்கு?”

உள்ளே தண்ணீர் சொட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

“உங்களத்தான் கேக்கறேன்.”

“வளையுது” என்றார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சுவரை அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. “நல்லா பாத்துச் சொல்லுங்க! எந்த இடத்துல?”

“குழாய்க்கு மேல. தொங்குது.”

கடைக்குச் சொல்லி அனுப்பவும் மறந்து, அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் புலம்பல். “திருட்டுத்தனமா ஊதினீங்களா? உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கீரையைத் தட்டுக்கு அடியில தள்ளுனீங்களா?” அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தன் கண்ணைப் பற்றிய நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை.

டாக்டரின் அறையில் அவள்தான் முந்திக்கொண்டாள். “டாக்டர், இவருக்குக் கோடு வளையுதாம். இன்னிக்குக் காலைலதான். உடனே வந்துட்டோம்.”

“நல்ல வேலை செஞ்சீங்க. உக்காருங்க சார்” என்று டாக்டர் கருவியைக் காட்டினார்.

அவர் உட்காரவில்லை. அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். “எனக்கு நேராத்தான் இருக்கு டாக்டர். இவளப் பாருங்க.”

“என்னங்க இது, எனக்கு ஒண்ணும்...”

“வாய மூடு. நேத்து சாயங்காலம் பாத்தேன். கண்ணப் பொத்திக்கிட்டுச் சுவரத் தடவினே, குழாய்க்கு மேல வந்ததும் நின்னுட்டே. என் சுவரு நேரா இருக்கான்னு தடவிப் பாத்தவங்க யாரும் கிடையாது. நேத்து நீ பாத்தே. அப்புறம் அழுதே.” எழுந்திருக்கப் பார்த்தவளை அவர் மறுபடி அழுத்தினார். “உன் கண்ணுக்குன்னு கூப்பிட்டா வருவியா? எனக்குன்னா நீ பறந்து வருவேன்னு தெரியும்.”

அவளுக்குப் பாய்ந்து வந்தது கோபம். பொய் சொல்லிப் பாதி உயிரை எடுத்துவிட்டாரே என்று அவர் பக்கம் திரும்ப முயன்றாள். திரும்ப முடியவில்லை. அதற்குள் தாடை கருவியின் தாங்கியில் இருந்தது, நெற்றியை டாக்டர் பட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வெளிச்சம் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணீர் தாடை வழியாக அந்தத் தாங்கியில் சொட்டியது.

டாக்டர் நேரம் எடுத்துப் பார்த்தார். “உள்ள ரத்தம் கசியுது. இதுக்குக் கண்ணுல ஊசி போடணும். பல தடவை போட வேண்டியிருக்கும்.”

“கீரையெல்லாம் சாப்பிடறேன் டாக்டர். நடக்கறேன். தொப்பிகூடப் போடறேன்” என்றாள் அவள், குழந்தை மாதிரி.

“எல்லாம் நல்லதுதாம்மா, விடாதீங்க. ஆனா கசியற ரத்தத்தக் கீரை நிறுத்தாது.” டாக்டர் வெளிச்சத்தை அணைத்தார். “எப்பலேர்ந்து வளையுது?”

அவருடைய கை இன்னும் அவள் தோளில் இருந்தது. நேற்றிலிருந்து, மிஞ்சிப் போனால் போன வாரத்திலிருந்து என்று நம்பிக்கொண்டுதான் அவர் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு பொய் நாக்கு நுனிக்கு வந்தது. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“மழைக்கு முன்னாலேர்ந்து” என்றாள்.

தோளில் இருந்த கை இறுகியது. அவர் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திட்டவில்லை, ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. “இன்னிக்கே போட முடியுமா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார்.